அடுப்படியில் கை நீட்டிவிட்டேன்

அடுப்படி | ஜூலை 9, இரவு 11.52

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிக் கரையோரம் உள்ள ஒரு ஹோட்டலில் தலைமைச் சமையற்காரனாக இருக்கிறேன். வயது 44. அடுப்படிக்கு வந்து 22 வருடம்.

சென்ற ஞாயிறு இரவு ஒரே நேரத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு. கச்சான் காற்று அனலாக வீசியது. புகையை இழுக்கும் விசிறி இரண்டு நாளாகப் பழுது. எனக்குக் கீழே ஏழு பேர் இருக்க வேண்டும், அன்று ஐந்து பேர். மூதூரிலிருந்து வந்து வேலை பழகும் 19 வயதுத் தம்பி ஒருவன், கணவாய்க் கறி இருந்த தாச்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டான். நான்கு மேசைக்கான கறி. கையிலிருந்த அகப்பையை எறிந்தேன், அது அவன் தோளில் பட்டது. அதோடு நிற்கவில்லை. கிட்டப் போய்க் கன்னத்தில் அறைந்தேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி, மடித்து, வெங்காயம் வெட்டும் மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசலால் போய்விட்டான். நான் திரும்பி அடுத்த ஓடரைப் பார்த்தேன். அதுதான் இப்போது என்னைத் தூங்க விடவில்லை. அடித்த கையோடு இறால் வதக்கியிருக்கிறேன்.

முகாமையாளரிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும், இதைப் பெரிதாக்க வேண்டாம், வேறு பையன் எடுக்கலாம்" என்றார். நேற்று அவனுடைய உம்மா தொலைபேசியில் பேசினார். ஏசவில்லை. "தம்பி, காதுக்குள் இரைகிறது என்கிறான் மகன், என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் கெட்டவன் என்று சொல்லிக்கொள்ள இங்கே வரவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

இழைப் பொறுப்பாளர் | ஜூலை 10, காலை 6.30

ஹோட்டலின் பெயரையோ அந்தத் தம்பியின் பெயரையோ யாரும் கேட்க வேண்டாம், ஊகித்தும் எழுத வேண்டாம். மற்றபடி மனம் விட்டுப் பேசுங்கள்.

—

வார்ட் இலக்கம் 7 | ஜூலை 10, காலை 7.05

இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். மற்றவை பிறகு, முதலில் காது.

கன்னத்தில் அறையும்போது உள்ளங்கை காதை மூடியபடி விழுந்தால், காற்று உள்ளே அமுங்கிச் செவிப்பறை கிழியலாம். இரைச்சல், அடைத்த மாதிரி இருப்பது, கேட்கும் திறன் குறைவது, சிலருக்கு இலேசான இரத்தக் கசிவு, தலைச்சுற்று எல்லாம் அதன் அறிகுறிகள். இன்றைக்கே அவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூதூரிலும் காட்டலாம், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் வரலாம். சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. கடலில் குளிக்கவே கூடாது. எண்ணெய், பூண்டுச் சாறு என்று வீட்டில் எதையும் விட வேண்டாம் என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள். மூக்கைப் பலமாகச் சிந்தவும் வேண்டாம்.

வைத்தியரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லுமாறு யாரும் அவரை வற்புறுத்தாதீர்கள். உண்மையைச் சொன்னால்தான் சரியாகப் பார்ப்பார்கள். இப்படி "விழுந்து" வருபவர்களைக் கிழமைக்கு எத்தனை பேர் பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

—

பழைய தாச்சி | ஜூலை 10, காலை 9.40

தம்பி, நீங்கள் இவ்வளவு உடைந்துபோகத் தேவையில்லை என்பது என் கருத்து. நான் கொழும்பிலும் இங்கும் 35 வருடம் சமைத்தவன். என் முதல் ஆசான் சூடான எண்ணெயை என் காலடியில் ஊற்றியிருக்கிறார். அவரிடம்தான் தொழில் படித்தேன், இன்றும் அவர் படம் என் வீட்டில் இருக்கிறது. கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும். அடுப்படி என்பது அலுவலகம் அல்ல. நெருப்பும் கத்தியும் உள்ள இடத்தில் கவனம் பிசகினால் உயிர் போகும். அதட்டாமல் பழக்க முடியாது.

பையனுக்கு மருந்துக்குக் காசு கொடுங்கள், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். போதும்.

—

பாலையூற்றுக் கராஜ் | ஜூலை 10, பகல் 1.15

பழைய தாச்சி அண்ணாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதில் கராஜுக்குப் போனேன். ஸ்பானரால் முதுகில் வாங்கியிருக்கிறேன். "அடியாத மாடு படியாது" என்பதுதான் எங்கள் கராஜின் பாடப் புத்தகம். சொந்தமாகக் கராஜ் போட்டதும் அதே பாடத்தை நானும் நடத்தினேன்.

ஒரு நாள் முச்சக்கர வண்டி ஒன்றின் பின் சில்லைக் கழற்றிப் பூட்டும் வேலை. என் பையன் நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, இறுக்குவதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டான். வண்டிக்காரர் அவசரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி வாசலைத் தாண்டும்போதே பையனுக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? முதல் நாள்தான் ஒரு பிழைக்கு என்னிடம் அடி வாங்கியிருந்தான். இங்கே திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட சில்லு கழன்றது. வண்டி மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு தாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

அன்று விளங்கியது. என் அடி அவனுக்கு நட்டு இறுக்கப் பழக்கவில்லை, பிழையை ஒளிக்கப் பழக்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன நெருப்பும் கத்தியும் உள்ள இடத்தில்தான் அண்ணா, ஒரு பையன் "பிழை விட்டுவிட்டேன்" என்று பயமில்லாமல் சொல்ல வேண்டும். எரிவாயுக் குழாய் கசிகிறது என்று தெரிந்தும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டால்?

இப்போது என் கராஜில் ஒரே ஒரு ஒழுங்குதான். பிழையைத் தானாக வந்து சொன்னவனுக்கு ஏச்சுக் கிடையாது. திருத்தும் செலவும் அவன் சம்பளத்தில் வெட்டப்படாது. முதல் மாதம் எனக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

—

கோப்புகளுக்கு நடுவே | ஜூலை 10, மாலை 6.22

நான் ஒரு பெண். நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் இடத்தில் யாரும் அறைவதில்லை. கோப்பு பறக்கும். மேசையில் கை இடி போல விழும். "உங்களுக்கெல்லாம் யார் வேலை தந்தது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படும். மாதவிடாய் நாளில் அரை நாள் விடுமுறை கேட்ட ஒரு தங்கையை அழ வைத்து அனுப்பினார் எங்கள் அதிகாரி. "அவர் அப்படித்தான், முன்கோபி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்" என்று மூத்தவர்கள் சமாதானம் சொல்வார்கள்.

இரண்டு வருடமாக அவரைக் கவனித்து வருகிறேன். அவருடைய மேலதிகாரி கொழும்பிலிருந்து வந்த நாளில், நாங்கள் செய்ததை விடப் பெரிய பிழை ஒன்றுக்கு அவரை அரை மணித்தியாலம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். எங்கள் அதிகாரி எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு அழகாகப் பதில் சொன்னார் தெரியுமா? குரல் ஒரு இழை கூட உயரவில்லை. அந்த மேலதிகாரியின் வாகனம் வாசலைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை, எங்கள் சிற்றூழியர் மீது தேநீர்க் கோப்பை விழுந்தது.

முன்கோபிக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்றால் நம்பலாம். இவருக்கு மிக நன்றாகத் தெரிகிறது. மேலே அடங்கத் தெரிந்த கோபத்துக்குக் கீழே அடங்கத் தெரியாது என்பதை இனி நான் நம்பமாட்டேன்.

அடுப்படி அண்ணா, உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அன்றிரவு அந்தக் கறியை அடிப்பிடிக்க விட்டது முதலாளியின் மகனாக இருந்திருந்தால் உங்கள் கை எழுந்திருக்குமா?

—

அடுப்படி | ஜூலை 10, இரவு 11.30

எழுந்திருக்காது.

அக்கா, இதை வாசித்துவிட்டு அரை மணித்தியாலம் கடற்கரையில் போய் இருந்தேன். எழுந்திருக்காது. விசிறியைத் திருத்தித் தராத முகாமையாளர் அன்று மாலைகூட அடுப்படிக்குள் வந்து போனார். அவரிடம் "சரி சேர்" என்றேன்.

தாதி அக்கா, இன்று காலை உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

—

அணியம் | ஜூலை 11, காலை 5.10

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் போகிறவன். இப்போதுதான் கரைக்கு வந்தோம்.

ஐந்து பேர், மூன்று கிழமை, ஒரு படகு. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. கடலில் சண்டை என்றால் ஒருவன் தண்ணீருக்குள் விழுவான், அவ்வளவுதான். படகுக்குத் தலைவரான எங்கள் தண்டையல் வயதானவர். இரண்டு பேர் குரல் உயர்ந்தால் காரணம் கேட்கவே மாட்டார். ஒருவனைப் படகின் முன்பக்கம் அணியத்துக்கு அனுப்புவார், மற்றவனைப் பின்பக்கம் கடையாருக்கு. கத்தியை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொள்வார். ஒரு வேளை சோறு முடிந்த பிறகுதான் விசாரணை. "வயிறு காய்ந்தவனிடமும் தூங்காதவனிடமும் ஞாயம் கேட்கக் கூடாது" என்பார். வலை இழுக்கும் நேரத்தில் அவர் ஏசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் கை நீட்டியதை நான் பார்த்ததில்லை.

—

பழைய தாச்சி | ஜூலை 11, காலை 10.02

கராஜ் தம்பியின் கதை என்னைக் கொஞ்சம் உலுக்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் வளர்ந்த காலத்தை நீங்கள் மறக்கிறீர்கள். சண்டைக் காலத்தில் திருகோணமலையில் வேலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் சோதனைச் சாவடி, மாலையில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மகன் வயதுள்ளவன் முன்னால் தலை குனிந்து நின்றோம். பிறகு 2004இல் கடல் வந்தது. எங்களுக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று யார் கேட்டார்கள்? எங்கோ வெளியே வரத்தானே செய்யும்?

—

கோப்புகளுக்கு நடுவே | ஜூலை 11, பகல் 12.40

ஐயா, என் அப்பாவும் அந்தச் சாவடிகளில் நின்றவர்தான். நீங்கள் சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அது வந்து விழுந்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் அம்மாவின் முதுகு.

—

வார்ட் இலக்கம் 7 | ஜூலை 11, பிற்பகல் 3.25

பழைய தாச்சி ஐயாவின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. உள்ளே கிடப்பது எங்கோ வெளியே வரத்தான் வேண்டும், கொட்டினால் தீர்ந்துவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அது பிழையான நம்பிக்கை. 2002இல் ஓர் ஆய்வில், தங்களைக் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தும்படி சிலரிடம் சொன்னார்கள். வேறு சிலரைச் சும்மா உட்கார வைத்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா இருந்தவர்களுக்குத்தான் தணிந்தது. 2024இல் அதே ஆய்வாளரும் இன்னொருவரும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். உடம்பின் படபடப்பை இறக்குகிறவை கோபத்தையும் இறக்கின: ஆழ்ந்து மூச்சு விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம், யோகா. படபடப்பை ஏற்றுகிறவை கோபத்தைக் குறைக்கவில்லை. வேகமாக ஓடுவதுகூட உதவவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரீனலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது, பார்வை எதிரில் நிற்பவன் மீது குவிகிறது. யோசித்து முடிவெடுக்கும் பகுதி பின்னுக்குப் போகிறது. அடிபிடித்த கறி புலி அல்ல, ஆனால் உடம்புக்கு அது தெரியாது. அனல், பசி, தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காமை இவை எல்லாம் அந்தத் திரியை முன்கூட்டியே காய வைத்துவிடுகின்றன. கத்துகிறவருடைய இதயத்துக்கும் நல்லதில்லை. மாரடைப்பு வந்த 1,623 பேரை வைத்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், கடுங்கோபத்துக்குப் பின்னான இரண்டு மணித்தியாலத்தில் மாரடைப்பு வரும் அபாயம் இரு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள்.

அடுப்படித் தம்பி, கோபம் திடீரென்று வருவதில்லை, உடம்பு முன்பே சொல்லும். எனக்குத் தாடை இறுகும். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குக் காது மடல் சூடாகும். உங்களுடையது எது என்று இந்தக் கிழமை கண்டுபிடியுங்கள். அது வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் எப்போதும் கத்தியோ அகப்பையோ இருக்கும். பிறகு பின்வாசலுக்கு வெளியே. மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக வைத்துப் பத்துத் தடவை. மனதுக்குள் அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டக் கூடாது. ஓட்டினால் வெளியே போனதில் பயனில்லை.

எதிரே ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறேன். எங்கள் வார்ட்டில் நோயாளியின் உறவினர்கள் கை ஓங்கிக்கொண்டு வருவது புதிதல்ல. நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி நிற்போம். அவர் வெளியே போகும் வழியை மறிக்க மாட்டோம், எங்கள் வழியும் திறந்திருக்க வேண்டும். "அமைதியாக இருங்கள்" என்று சொல்லவே கூடாது, அது நெருப்பில் நெய். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்போம். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை ஒருவர் அப்புறப்படுத்துவார். கூட்டம் இருக்கும் வரை யாரும் இறங்கி வர மாட்டார்கள். இதற்கும் மசியாமல் கை ஓங்கினால் விலகிப் போய் பொலிஸுக்கு 119ஐ அழைக்க வேண்டும். வீரம் காட்டும் இடம் அது அல்ல.

கோபத்தோடு தூக்கமின்மை, குடி, பழைய நினைவுகள் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் சேர்ந்திருந்தால் அது தனியாகச் சமாளிக்கும் விடயம் இல்லை. பழைய தாச்சி ஐயா, இது உங்களுக்கும்தான். எங்கள் வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

—

ஓய்வூதியர் | ஜூலை 11, இரவு 8.18

தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி கேட்காத சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் செய்தது ஒழுக்கப் பிரச்சினை மட்டும் அல்ல, குற்றம். வேண்டுமென்றே காயம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் வருகிறது. "வேலையிடத்தில் நடந்தது, உள்ளே தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்லி அந்தப் பையனுடைய பொலிஸ் முறைப்பாட்டு உரிமையை யாரும் பறிக்க முடியாது. அவர் முறையிட்டால் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உங்கள் முகாமையாளர் சொன்ன "வேறு பையன் எடுக்கலாம்". அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான் என்று நிர்வாகம் எழுதிக்கொள்ளப் பார்க்கும். அடி தாங்காமல் ஒருவர் வெளியேறினால், முதலாளியே அவரை நீக்கியதற்குச் சமம் என்று தொழில் நியாய சபையில் வாதிட இடம் உண்டு. விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் தவணை. அவருக்கு இதைச் சொல்லுங்கள். வேலை பழகுகிறவர் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் வைத்திருந்தால் அதுவும் பிழை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம்.

இன்னொன்று, உங்கள் வேலை நேரம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்துக்கு 12க்கு மேல் போகக் கூடாது. சீசனில் இங்கே எத்தனை அடுப்படி இதைக் கடைப்பிடிக்கிறது? எட்டாவது மணித்தியாலத்தில் விழாத அடி பதினான்காவது மணித்தியாலத்தில் விழுகிறது. நான் விசாரித்த முறைப்பாடுகளில் அடித்தவன் பெயர் இருக்கும், அன்று அவன் எத்தனை மணித்தியாலம் நின்றான் என்பது இருக்காது. இதனால் உங்கள் பொறுப்பு குறையாது, முதலாளியின் பொறுப்பும் அதோடு சேர்கிறது.

சர்வதேச தொழில் அமைப்பு 2019 ஜூனில் 190ஆம் இலக்க சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வேலை உலகில் வன்முறையும் தொல்லையும் பற்றியது அது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒரே ஒரு தடவை நடந்தாலும் வன்முறைதான் என்கிறது. நிரந்தர ஊழியரை மட்டும் அல்லாமல், வேலை பழகுகிறவரையும் வேலை தேடி வந்தவரையும்கூடக் காக்க வேண்டும் என்கிறது.

—

பதினேழு நாள் | ஜூலை 11, இரவு 10.47

நான் அந்தப் பையனின் இடத்தில் இருந்தவன். வேறு ஹோட்டல், வேறு வருடம். பதினேழு நாள்தான் வேலை செய்தேன்.

எல்லோரும் அடித்தவருக்கு எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். நல்லது. என் தலையில் தட்டை உடைத்தவர் மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார். "நீயும் என் மகன் மாதிரி, அன்றைக்கு எனக்கு எவ்வளவு டென்ஷன் தெரியுமா" என்று அவருடைய கஷ்டத்தையே சொன்னார். அழுதார். என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அவரைத் தேற்றினார்கள். நான் மூலையில் நின்றேன். அவர் மனப்பாரத்தை இறக்கிவிட்டுப் போனார், எங்கே இறக்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கு ஆறு மாதம் பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கியது.

மன்னிப்புக் கேட்கப் போனால் உங்கள் டென்ஷனைக் கொண்டு போகாதீர்கள்.

—

பாலத்துக்கு அக்கரை | ஜூலை 12, காலை 8.00

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். மத்தியஸ்த சபையில் சில வருடம் இருந்திருக்கிறேன். சிறு காயம், திட்டு, மிரட்டல் போன்ற பிணக்குகள் எங்களிடம் வருவது வழமை.

மேலே எழுதிய இளைஞன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை, அது என் மனதைத் தொட்டது. நடைமுறையாகச் சில விடயம் மட்டும்.

தம்பி, தனியாகத் திடீரென்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். முதலில் உம்மாவிடம் கேளுங்கள், "மகன் என்னைப் பார்க்கச் சம்மதிப்பானா" என்று. மாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சம்மதித்தால் ஒரே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹோட்டல் ஆட்கள் ஐந்து பேர் வாகனத்தில் போய் இறங்கினால் அது மன்னிப்பு இல்லை, மிரட்டல். என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள்: அகப்பையை எறிந்தேன், அறைந்தேன், பிழை என்னுடையது. "ஆனால்" என்ற சொல் வரக் கூடாது. மன்னிக்கும்படி கேட்டு வற்புறுத்தவும் கூடாது. மருத்துவச் செலவு, வேலை செய்த நாளுக்கான சம்பளம், சேவைச் சான்றிதழ் மூன்றையும் அவர்கள் கேட்கும் முன் நீங்கள் பேசுங்கள்.

எனக்கு உள்ளூர ஒரு பயமும் இருந்தது. நீங்கள் தமிழர், அவன் முஸ்லிம். நம் மாவட்டத்தில் ஒரு கன்னத்தில் விழுந்த அறை, இரண்டு ஊருக்கு இடையே விழுந்த அறையாக மாற ஒரு இரவு போதும். பெயர் போடாமல் எழுதினீர்கள், அந்தத் தாயும் அக்கம்பக்கத்தைக் கூட்டாமல் உங்களிடமே பேசினார். அவரின் அந்தப் பொறுமைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

என் வாப்பா சிறு வயதில் சொல்லித் தந்தது: கோபம் வந்தால் நிற்கிறவன் உட்கார வேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவன் கை எட்டிப் போய் யார் மேலும் விழாது.

—

பழைய தாச்சி | ஜூலை 12, பகல் 11.20

பதினேழு நாள் தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். என் ஆசான் ஊற்றிய எண்ணெயைப் பற்றி நேற்று முன்தினம் பெருமையாக எழுதினேன். இடது காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னோடு வேலை பழக வந்த இன்னொருவன் அடுத்த நாளே ஓடிப்போனான், பிறகு அவனைக் காணவில்லை. அவனைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அதட்டல் வேண்டும் என்பதில் இன்னும் மாற மாட்டேன். கை நீட்டுவதைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

—

அணியம் | ஜூலை 12, மாலை 4.45

ஐயா, வலை இழுக்கும்போது அதட்டத்தான் வேண்டும். "கயிற்றை விடு!" என்று கத்தாவிட்டால் விரல் போய்விடும். எங்கள் தண்டையல் கயிற்றைப் பற்றித்தான் கத்துவார், கயிறு பிடித்தவனின் தாயைப் பற்றிக் கத்த மாட்டார்.

—

அடுப்படி | ஜூலை 19, இரவு 10.15

ஒரு கிழமை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவிப்பறையில் சிறிய கிழிசல். தானாக மூடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

முகாமையாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். என்ன செய்தேன் என்பதை நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். "இது உங்களுக்கே எதிராகப் போகும்" என்றார். போகட்டும் என்றேன். அதே கடிதத்தில் பழுதான விசிறி, அன்று நாங்கள் நின்ற 13 மணித்தியாலம், குறைந்த ஆட்கள் எல்லாவற்றையும் எழுதினேன். 22 வருடத்தில் மேலே இருப்பவரிடம் எழுத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை. கோப்பு அக்கா கேட்ட கேள்விதான் எழுத வைத்தது. விசிறி மூன்றாம் நாள் திருத்தப்பட்டது. வேலை நேரத்தைப் பற்றி இன்னும் பதில் இல்லை, திரும்பவும் கேட்பேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், அது நியாயம்தான்.

அடுப்படியில் எல்லோரையும் கூட்டி, அவர்கள் முன்னாலேயே அடித்தேன் என்பதால் அவர்கள் முன்னாலேயே பிழையை ஒப்புக்கொண்டேன். எனக்கு அடையாளம் பல்லைக் கடிப்பது. அது என்னை விட அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! "நீங்கள் பல்லைக் கடித்தால் நாங்கள் சட்டி கழுவும் பக்கம் போய்விடுவோம் அண்ணா" என்றான் ஒருவன். எத்தனை வருடமாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அடுத்த நிலையில் இருக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் பல்லைக் கடித்தால் "அண்ணா, தண்ணீர்" என்று அவன் சொல்ல வேண்டும், நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியே போக வேண்டும். இந்தக் கிழமை இரண்டு தடவை சொன்னான். முதல் தடவை சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது.

உம்மா சம்மதித்தார். கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனேன், என் மூத்த அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு. எழுதி வைத்ததைப் போல மூன்று வசனம் சொன்னேன், "ஆனால்" வரவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினேழு நாள் தம்பி, அங்கே உங்களை நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்ப வேலைக்கு வர மாட்டேன் என்றான். "எனக்குப் பதினொரு நாள் சம்பளம் வர வேண்டும், சான்றிதழும் வேண்டும்" என்றான். இரண்டையும் கையோடு கொண்டு போயிருந்தேன். ஐயா சொன்ன சேமலாப நிதியை ஏழு மாதமாகக் கட்டவே இல்லை என்பதும் தெரிய வந்தது. தொழில் திணைக்களத்தில் முறையிடும் உரிமை அவனுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நிர்வாகத்துக்கு இது பிடிக்காது.

கிளம்பும்போது உம்மா தேநீர் தந்தார். அவன் அதற்குள் உள்ளே போய்விட்டான்.

—

பதினேழு நாள் | ஜூலை 19, இரவு 11.08

வாசித்தேன். நன்றி அண்ணா.

அவனுக்கு வேறு இடத்தில் வேலை வேண்டும் என்றால் இழைப் பொறுப்பாளர் மூலம் எனக்குச் சொல்லுங்கள். நான் இப்போது இருக்கும் அடுப்படியில் ஓர் இடம் இருக்கிறது. காது ஆறிய பிறகு வந்தால் போதும்.